மஸ்கட்டில் வேலை வந்திருக்கிறது: நம் கரைக்காரர்கள் சொல்லுங்கள்

கரைவலை (தங்கச்சிமடம்)

எல்லோருக்கும் வணக்கம். நான் ஏசி மெக்கானிக். டிப்ளமோ முடித்து ஆறு வருடமாக ராமேசுவரத்து லாட்ஜ்களில் ஏசி மாட்டுவதும் கழற்றுவதுமாகப் பிழைப்பு ஓடுகிறது. உப்புக்காற்று வெளிப்பெட்டியைத் தின்றுவிடும். கையால் தொட்டாலே அலுமினியத் தகடு அப்பளம் போல உதிரும். அதனால் இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை, கூலிக்குத்தான் பஞ்சம்.

ஓமன் நாட்டில், மஸ்கட்டில், ஒரு பராமரிப்பு நிறுவனத்தில் இடம் இருக்கிறதாம். மாதம் 180 ரியால். தங்குமிடம் அவர்களுடையது, சாப்பாடு என் செலவு. நம் பணத்தில் ஏறத்தாழ நாற்பதாயிரம் வருகிறது. ஏஜென்ட் 1,20,000 ரூபாய் கேட்கிறார். திருமணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. அப்பா கடலுக்குப் போகிறவர். "கடல் இருக்கிற ஊருக்குத்தானே போகிறாய், என்ன பயம்?" என்கிறார். அம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. போய் ஊன்றிக்கொள்வது எப்படி என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

முண்டுமிளகாய் (தொண்டி)

ரசீது தருவீர்களா என்று மட்டும் அவரிடம் கேள், தம்பி. முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டு வந்து எழுது.

பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும்தான். மீதித் தொண்ணூறாயிரம் யாருடைய வயிற்றுக்கு? அவருடைய பதிவு எண்ணை வாங்கி வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பார். எண் இல்லை என்றால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வந்துவிடு.

நான் எழுந்து வராதவன். 2017இல் மனைவியின் சங்கிலியை விற்றுப் பணம் கட்டினேன். விமான நிலையத்தில் யாராவது கேட்டால் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லச் சொன்னார்கள். அப்போதே புரிந்திருக்க வேண்டும். தொண்டிக்காரன் லுங்கியும் ஊறுகாய்ப் பாட்டிலுமாக எந்த ஊரைச் சுற்றிப் பார்க்கப் போகிறான்? கையில் இருந்தது சுற்றுலா விசா. சொன்ன வேலை வெல்டிங், கிடைத்த வேலை சிமெண்ட் மூட்டை தூக்குவது. நாற்பத்தேழாவது நாள் ஊர்க்காரர் ஒருவர் டிக்கெட் எடுத்துக் கொடுத்துத் திரும்பினேன். சங்கிலியைப் பற்றி வீட்டில் இன்று வரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சபராளி (கீழக்கரை)

தம்பி, நான் 1989இல் போய் 2016இல் திரும்பியவன். மஸ்கட்டின் மத்ரா சந்தையில் துணிக்கடை வேலை. எங்கள் ஊரில் வெளிநாட்டில் இருப்பவனைச் சபராளி என்பார்கள், சபரில் இருப்பவன், அதாவது பயணத்தில் இருப்பவன் என்று பொருள். 27 வருடம் ஒரே கடையில் நின்றவனுக்குப் பயணி என்று பெயர். இதைப் பிறகு சொல்கிறேன், முதலில் உன் காகிதங்களைப் பார்ப்போம்.

180 ரியால் என்கிறாயே, அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு? இதைத்தான் யாரும் கேட்பதில்லை. சில நிறுவனங்கள் அடிப்படை 90, மற்றதெல்லாம் படி என்று பிரித்து எழுதும். மாதாமாதம் கைக்கு வருவது ஒன்றுதான், வித்தியாசம் தெரியாது. வேலை முடிந்து கிளம்பும்போதுதான் தெரியும். 2023 ஜூலையில் வந்த புதிய தொழிலாளர் சட்டப்படி, பணிக்கொடை வருடத்துக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளம். அடிப்படை 90 என்றால் ஐந்து வருடத்துக்கு 450 ரியால், 150 என்றால் 750. நம் காசில் அறுபத்தாறாயிரம் ரூபாய் வித்தியாசம். ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி அது. கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடு.

கடவுச்சீட்டை உன் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. "பத்திரமாக இருக்கும், கொடுங்கள்" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். நீயும் அன்பாகவே, நானே பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்று சொல். நீ பத்தாவது தேறியவன், அதனால் வெளிநாட்டு வேலைக்குப் போக நம் அரசிடம் வாங்கும் குடிபெயர்வு அனுமதி உனக்குத் தேவைப்படாது. டிப்ளமோ சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை, அதாவது வெளிநாட்டில் செல்லும்படி நம் அரசு தரும் அத்தாட்சி, கேட்டால் இங்கேயே முடித்துக்கொள். அங்கிருந்துகொண்டு ஊரில் இருக்கும் தம்பியை அலையவிடுவது பெரிய பாவம்.

உன் அம்மா மசாலா இடித்துக் கொடுப்பார்கள். கசகசா இல்லாமல் இடிக்கச் சொல். வளைகுடா நாடுகள் பலவற்றில் அது போதைப்பொருள் கணக்கில் வரும். குருமாவுக்காகச் சிறைக்குப் போகாதே.

கரைவலை (தங்கச்சிமடம்)

முண்டுமிளகாய் அண்ணா, ரசீது கேட்டேன். "நம்பிக்கை இல்லாத இடத்தில் தொழில் செய்ய முடியாது" என்று கோபித்துக்கொண்டார். பதிவு எண்ணும் இல்லை. விட்டுவிட்டேன். அதே நிறுவனத்துக்குப் பதிவு பெற்ற வேறொரு ஏஜென்ட் மூலமாக விண்ணப்பித்திருக்கிறேன்.

சபராளி பாய், அடிப்படைச் சம்பளத்தைக் கேட்டால் வேலையே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பனங்கிழங்கு (சாயல்குடி, இப்போது சோஹார்)

கேட்டால் போகிற வேலை, போனால் போகட்டும். ஆனால் போகாது. வெயில் காலத்தில் ஏசி மெக்கானிக்கை இங்கே உள்ளங்கையில் வைத்துத் தாங்குவார்கள்.

நான் ஓமனுக்கு 2016இல் வந்தேன். 2018இல் இதைவிட நல்ல இடம் ஒன்று கிடைத்தது. அப்போது பழைய முதலாளி தடையில்லாச் சான்று தர வேண்டும். தராவிட்டால் நாட்டை விட்டு வெளியேறி இரண்டு வருடம் திரும்பி வர முடியாது. என் நிறுவனம் தரவில்லை. காரணமும் சொல்லவில்லை. சாயல்குடியில் மாமனாரின் பனந்தோப்பில் இரண்டு வருடம் கருப்பட்டி மூட்டைக்குக் கணக்கு எழுதினேன். 2021 ஜனவரி முதல் தேதியோடு அந்தச் சான்று முறை ஒழிந்தது. ஒப்பந்தம் முடிந்தால் வேறு இடத்துக்கு மாறலாம். புதிதாக வருகிறவர்களுக்கு அதன் அருமை தெரியாது.

வேலையைப் பற்றி இரண்டு விஷயம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 12:30 முதல் 3:30 வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது. மொட்டை மாடியில் ஏசி வெளிப்பெட்டியோடு மல்லுக்கட்டும் உனக்கு அது முக்கியம். அடுத்தது, ஓட்டுநர் உரிமம். நம் ஊர் உரிமம் இங்கே செல்லாது. முதலில் டிரம் டெஸ்ட்: பீப்பாய்களை நட்டு வைத்து அவற்றுக்கு நடுவே பின்பக்கமாக வண்டியைச் செருகச் சொல்வார்கள். பிறகு மேட்டுச் சோதனை, அதன் பிறகு சாலைச் சோதனை. நான்கு முறை தோற்றுத் தேறியவர்கள் வெட்கமில்லாமல் பிரியாணி வாங்கிக் கொடுப்பார்கள். நான் ஐந்து முறை. உரிமம் இருக்கும் மெக்கானிக்குக்குச் சம்பளமே வேறு, அதனால் முதல் வருடத்திலேயே முடித்துவிடு.

வாதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழை பெய்தால் மட்டும் ஓடும் ஆறு. ராமநாதபுரம் பக்கம் வைகை எப்படி மணலாகக் கிடக்கும்? அதேதான். ஆனால் மலையில் மழை கொட்டினால், நீ நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்துவிடும். தண்ணீர் ஓடும்போது வண்டியோடு இறங்குவது சட்டப்படி குற்றம். 2021 அக்டோபரில் ஷாஹீன் புயல் சோஹார் இருக்கும் இந்த பாத்தினா கடற்கரையில்தான் ஏறியது. மறுநாள் காலை எங்கள் தெருவில் ஒரு குளிர்சாதனப் பெட்டி சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தது, கதவு திறந்து, உள்ளே முட்டைகள் உடையாமல். என் ஆத்தா தனுஷ்கோடிப் புயலைப் பார்த்தவள். தொலைபேசியில் அழைத்து முதலில் கேட்டது, "தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது?" என்றுதான். நான் பிழைத்தேனா என்பது இரண்டாவது கேள்வி.

மண்டபத்து மருமகள் (மண்டபம், இப்போது மஸ்கட்)

ஆண்கள் எல்லோரும் சட்டமும் வண்டியும் பேசிவிட்டீர்கள். குளிப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

தம்பி, மே மாதத்துக்கு மேல் குழாயைத் திறந்தால் கொதிநீர் வரும். தொட்டி மொட்டை மாடியில் வெயிலில் கிடக்கிறது. நான் வந்த முதல் வாரம் வாளியில் பிடித்து வைத்து இரண்டு மணி நேரம் ஆறவிட்டுக் குளித்தேன். பக்கத்து வீட்டுப் பாலக்காட்டு அக்காதான் சிரித்துக்கொண்டே வழி சொன்னார். வெந்நீர்ப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். அது வீட்டுக்குள் ஏசியில் இருப்பதால் அதில் தேங்கிய தண்ணீர் குளிர்ந்துவிடும். பிறகு வெந்நீர்க் குழாயில் தண்ணீரும் தண்ணீர்க் குழாயில் வெந்நீரும் வரும். நவம்பர் வரை இப்படித்தான். விருந்தினர் வந்தால் குளியலறை வாசலில் நின்று பாடம் நடத்த வேண்டும்.

வெக்கை இரவிலும் இறங்காது. மஸ்கட்டுக்குத் தெற்கே குறையாத் என்ற கடற்கரை ஊரில் 2018 ஜூனில் ஒரு நாள் முழுவதும் வெப்பம் 42.6 டிகிரிக்குக் கீழே இறங்கவேயில்லை. உன் அப்பா சொன்ன அதே கடல்தான். ஆனால் ஜூலையில் காற்று வாங்கக் கரைக்குப் போக முடியாது, ஈரத்துணியால் முகத்தை மூடியது போல இருக்கும்.

மனைவியை உடனே அழைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றும். முதல் கோடையை நீ மட்டும் கழி. நான் ஜூன் மாதத்தில் வந்து இறங்கினேன். அவர் காலை ஆறு மணிக்குப் போனால் மாலை ஏழுக்கு வருவார். நான்கு சுவர், ஏசிச் சத்தம், எதிர் வீட்டு மூடிய சன்னல். மண்டபத்தில் வாசலில் நின்றாலே பத்துப் பேர் "என்ன குழம்பு?" என்று கேட்பார்கள். இங்கே மூன்று மாதம் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அக்டோபரில் வந்திருந்தால் பூங்காவுக்காவது போயிருப்பேன்.

கரைவலை (தங்கச்சிமடம்)

அக்கா, இதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "அப்படியானால் அக்டோபரில் வருகிறேன்" என்று தேதி குறித்துவிட்டாள். விசாவே இன்னும் வரவில்லை. கோயில் பக்கம் எப்படி என்று கேட்கிறாள். நாங்கள் கத்தோலிக்கர்.

மண்டபத்து மருமகள் (மண்டபம், இப்போது மஸ்கட்)

மஸ்கட்டின் ரூவி பகுதியில் கத்தோலிக்கத் தேவாலயம் இருக்கிறது. ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்: விடுமுறை வெள்ளியும் சனியும். அதனால் கூட்டமெல்லாம் வெள்ளிக்கிழமைப் பூசையில்தான். நாங்கள் போவது தார்சைத்தில் இருக்கும் கிருஷ்ணர் கோயிலுக்கு, பழைய மஸ்கட்டில் சிவன் கோயிலும் உண்டு. நோன்பு மாதத்தில் பகலில் வெளியே தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, யாராக இருந்தாலும் சரி. வண்டிக்குள் இருந்தாலும் வெளிதான்.

சபராளி (கீழக்கரை)

மருமகள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் ஊன்றிக்கொள்வது என்ற பேச்சுத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. தம்பி, ஊன்றப் போகாதே. கணக்கோடு போ. ஐந்து வருடம், இவ்வளவு பணம், கடன் தீர்ந்தது, வீடு முடிந்தது, கிளம்பு. பாய்மரக்காரர்களைப் பார், வாடைக்காற்றில் போவான், மேல்காற்றான கச்சானில் திரும்புவான். அங்கே வீடு கட்டியா உட்கார்ந்தான்?

மண்டபத்து மருமகள் (மண்டபம், இப்போது மஸ்கட்)

பாய், ஐந்து வருடக் கணக்கு என்கிறீர்கள். நீங்கள் 27 வருடம் இருந்தீர்களே?

முண்டுமிளகாய் (தொண்டி)

அடி விழுந்தது.

சபராளி (கீழக்கரை)

விழ வேண்டிய இடத்தில்தான் விழுந்திருக்கிறது. நானே பிறகு சொல்கிறேன் என்றுதானே எழுதினேன்.

ஐந்து வருடம் என்றுதான் போனேன். தங்கையின் திருமணத்துக்கு இரண்டு வருடம் கூட்டினேன். பிறகு வீடு. மாடி கட்ட இன்னும் மூன்று. பிறகு மகள். ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி என்று நினைத்ததால் அந்த அறைக்கு எதுவும் வாங்கவில்லை. கட்டில் கடை முதலாளி கொடுத்தது. கட்டிலுக்கு அடியில் பெட்டி, பெட்டியின் மேல் எப்போதும் கயிறு, கட்டுவதற்குத் தயாராக. அறையில் ஒரு நாற்காலி கிடையாது. 27 வருடம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன், கடிதம் எழுதினேன், வாப்பா மௌத்தான செய்தியைக் கேட்டதும் அதில் உட்கார்ந்துதான். கட்டில் கம்பி தொடையில் பதிந்த இடம் இன்னும் கறுப்பாக இருக்கிறது. இப்போது கீழக்கரை வீட்டில் ஒன்பது நாற்காலி இருக்கிறது. நான் போய்க் கட்டில் விளிம்பில்தான் உட்காருகிறேன். மனைவி திட்டுகிறாள்.

ஓமானிகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் பாவம். சத்தம் போட மாட்டார்கள். நீயும் போடாதே, கெட்ட வார்த்தையில் திட்டினால் வழக்காகிவிடும், வாட்ஸ்அப்பில் திட்டினாலும்தான். கடைக்கு எதிரே அல்வா கிண்டும் முதியவர் ஒருவர் இருந்தார். பெரிய செப்புப் பாத்திரம், மாவுச்சத்தும் சர்க்கரையும் நெய்யும் ஏலக்காயும் பன்னீரும். மணிக்கணக்கில் துடுப்பை ஆட்டிக்கொண்டே இருப்பார். நான் ஊருக்குப் போய்த் திரும்பியபோது எங்கள் ஊர்த் தொதல் ஒரு துண்டு கொடுத்தேன். அரிசி மாவு, தேங்காய்ப் பால், வெல்லம் எல்லாம் தனித்தனியாக நாக்கில் கண்டுபிடித்தார். நெய் எங்கே என்றார். தேங்காய்ப் பாலே எண்ணெய் விடும் என்று கையைக் கசக்கிக் காட்டினேன். அன்றிலிருந்து நான் ஊருக்குக் கிளம்பும் நாளெல்லாம் அவருக்குத்தான் தெரியும், முதலாளிக்கு முன்பே.

பனங்கிழங்கு (சாயல்குடி, இப்போது சோஹார்)

பாய், நாற்காலி விஷயம் என்னவோ செய்கிறது. நான் இங்கே ஒரு மேசை வாங்க நான்கு வருடம் யோசித்தேன்.

தம்பி, பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊரில் இருக்கும் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாட்டில் இருப்பவர் ஊர்ப் பணத்துக்கு வைக்கும்) கணக்காக மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடு, இங்கிருந்து அனுப்ப என்ஆர்இ கணக்கு ஒன்று தொடங்கு. எல்லாப் பணத்தையும் அனுப்பாதே. இரண்டு மாதச் சம்பளம் உன் கையில் இருக்கட்டும். "அனுப்பு" என்று கேட்பவர்களுக்கு இங்கே ஒரு மாதம் சம்பளம் தாமதமானால் என்ன ஆகும் என்று தெரியாது. வருமான வரி வருகிறதாம் என்று யாராவது பயமுறுத்தினால் சிரித்துவிடு. 2028 முதல் வருடம் 42,000 ரியாலுக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு 5 சதவீதம். நீயும் நானும் அதைக் கட்டும் நிலைக்கு வந்தால் சாயல்குடியில் பட்டாசு வெடிப்பேன்.

முண்டுமிளகாய் (தொண்டி)

மீனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இது கடலோரத்துக்காரர்கள் பேசும் இடம்தானா?

பனங்கிழங்கு (சாயல்குடி, இப்போது சோஹார்)

பேசலாம். நம் சீலா, அதாவது வஞ்சிரம், இங்கே கனத். களவா என்றால் ஹமூர். விளமீன் என்றால் ஷேரி. கனத்துக்கு ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை தடைக்காலம். நம் ஊரில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையேறிக் கிடக்கும் இல்லையா, இங்கே ஒரு மீனுக்கு ஒரு விடுமுறை. சுறாவைக் காய வைத்து அவால் என்று விற்பார்கள். கருவாட்டு மணத்துக்கு ஏங்கும் நாளில் அது போதும். மஸ்கட்டில் இருந்தால் மத்ரா மீன் சந்தைக்குக் காலையிலேயே போய்விடு, 2017இல் கட்டிய புதுக் கட்டடம்.

சூடை மீன் விஷயம்தான் வயிற்றெரிச்சல். தெற்கே தோபார் பக்கம் கரையில் மலை மலையாகக் காய வைத்து மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனியாகப் போடுகிறார்கள். முதல் முறை பார்த்தபோது வண்டியை நிறுத்திவிட்டேன்.

கரைவலை (தங்கச்சிமடம், இப்போது மஸ்கட்)

எல்லோரும் மன்னிக்க வேண்டும், ஐந்து மாதமாக எழுதவில்லை. வந்து சேர்ந்துவிட்டேன்.

அடிப்படைச் சம்பளத்தைக் கேட்டேன், பாய். 100 என்று எழுதியிருந்தார்கள். 140 ஆக மாற்றித் தந்தார்கள். நான் கேட்டதும் அந்த அதிகாரி சற்று நேரம் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். இரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் முடிந்து குடியிருப்பு அட்டை கைக்கு வந்துவிட்டது. டிரம் டெஸ்டில் இரண்டு முறை தோற்றாயிற்று.

வேலை தெரிந்த வேலைதான். இங்கேயும் கடற்கரைப் பக்கத்துக் கட்டடங்களில் அதே அப்பளத் தகடு. போன வாரம் ஒரு மாடியில் வெளிப்பெட்டியைக் கழற்றினேன், உள்ளே கையை விட்டதும் அதே உப்பு, அதே துருவின் மணம். ஒரு நிமிடம் ராமேசுவரத்தில் எந்த லாட்ஜ் இது என்று யோசித்துவிட்டேன்.

கஷ்டம் எங்கே என்றால் நேரத்தில். ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். ஆனால் நான் சமைத்துச் சாப்பிட்டு முடிக்கும்போது இங்கே பத்து மணி, அங்கே பதினொன்றரை. அவள் தூங்காமல் விழித்திருக்கிறாள். என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரிவதில்லை. "சாப்பிட்டாயா?" என்று மூன்று முறை கேட்கிறோம். நேற்று அவள் ஒன்றும் பேசாமல் தொலைபேசியைச் சன்னலுக்கு வெளியே நீட்டினாள். வாடை அடித்துக்கொண்டிருந்தது. தென்னை மட்டைச் சத்தம் கேட்டது. அம்மா பக்கத்தில் இருந்து, "காசு போகிறது, வை" என்றார்கள். பேசத் தொடங்கிவிட்டார்கள் என்பதே நிம்மதி.

வாதி கபீர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு நாற்காலி வாங்கினேன், பாய். பழையது. ஒரு கால் ஆடுகிறது, அட்டையை மடித்து வைத்திருக்கிறேன். அறையில் நான்கு பேர், ஒரே நாற்காலி, அதனால் நான் உட்கார்ந்ததைவிட மற்றவர்கள் உட்கார்ந்ததுதான் அதிகம். கொல்லத்துக்காரர் ஒருவர் இரவில் அதில் பேண்ட்டைக் காயப் போடுகிறார். சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சபராளி (கீழக்கரை)

எவ்வளவு கொடுத்தாய்?

கரைவலை (தங்கச்சிமடம், இப்போது மஸ்கட்)

மூன்று ரியால். ஐந்து சொன்னார்.

சபராளி (கீழக்கரை)

இரண்டுக்கு முடித்திருக்கலாம். பரவாயில்லை. காலுக்கு அட்டை நிற்காது, செருப்புத் தோலை அறுத்து ஆணி அடி.

முண்டுமிளகாய் (தொண்டி)

சூடை கிடைத்ததா என்று சொல்லவேயில்லை. ஒட்டகம் முந்திக்கொள்ளும் முன் வாங்கிவிடு.